மூன்றாம் மனுதாரர்

கேரளத்துப் பாலக்காட்டு எல்லையில் தமிழ் பேசும் ஊரான எருத்தேன்பதியில் கந்தப்பனை நல்ல மனிதர் என்று சொல்பவர்களும் உண்டு, வீம்புக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே ஆள் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டையும் சொல்வதையும் கேட்கலாம். நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, அதன் நடுவே ஓட்டு வீடு, இரண்டு கறவை மாடு, அறுபத்தெட்டு வயது. யாரிடமும் கைநீட்டாதவர் என்ற பெயரை அவரே உண்டாக்கி, அவரே பரப்பி, கடைசியில் அவரே நம்பவும் தொடங்கியிருந்தார்.

தினமும் காலை ஏழரை மணிக்கு நல்லமுத்துவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மலையாளப் பத்திரிகையை விரித்துப் பிடிப்பார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொள்வார். முதல் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்துவிட்டுத் திருப்புவார்.

"ஏனுங்க, கவர்மெண்டு நிக்குதுங்களா, கவுந்துருச்சுங்களா?" என்பார் நல்லமுத்து, டீயை ஆற்றிக்கொண்டே.

"நின்னுக்கிட்டேதான் இருக்குது. தேங்காய் வெலைதான் படுத்துருச்சு" என்பார் கந்தப்பன், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

அவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

பேசுவார். கேட்டால் முழுதும் விளங்கும். தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்ததால் தமிழ் நன்றாக எழுதுவார். அந்த வட்டாரத்தில் இப்படிப் பலர் உண்டு. அவர்களில் யாரும் அதை மறைப்பதில்லை, யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கந்தப்பன் மறைத்தார். நாற்பத்தெட்டாவது வயதில் பால் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கூட்டத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "படிச்சுட்டீங்களா?" என்று கேட்டபோது "ஆச்சு" என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்து திரும்பி வர அவருக்கு வழி தெரியவில்லை. பொய் சொன்னோம் என்ற எண்ணம் முதல் நாள் இருந்திருக்கும். பிறகு அது பழக்கமாகி, பழக்கம் நடையாகி, நடை ஆளாகவே ஆகிவிட்டது.

அந்த ஆளைத் தாங்கி நிறுத்தியவன் மகன் கோகுல்நாத்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அரசாங்க வேலை கிடைக்கும் என்று ஊருக்குச் சொல்லி அவனை மலையாளப் பள்ளியில் சேர்த்திருந்தார் கந்தப்பன். பால் சங்கத்துத் தாள் வீட்டுக்கு வரத் தொடங்கியபோது கோகுல் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் அப்பா அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "குடுங்கப்பா, எனக்கு ஸ்கூல்ல வாசிப்புப் பரீட்சை வருது, வாசிச்சுப் பழகோணும்" என்று வாங்கி உரக்க வாசித்தான். அதன்பின் பரீட்சை என்ற பேச்சும் தேவைப்படவில்லை. தினமும் ஆறரை மணிக்கு அவர் பால் கறக்க, அவன் தலைப்புச் செய்திகளை வாசிப்பான். பள்ளி முடிந்து, ஐடிஐ முடிந்து, கொழிஞ்சாம்பாறையில் பம்புசெட் பழுது பார்க்கும் வேலைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. பதினெட்டு வருடம் அப்பாவும் மகனும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கோகுல் இருபத்தொன்பதாவது வயதில் இறந்தான். ஐப்பசி மாதம், சாயங்காலம் ஐந்து மணி, வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது எதிர்ப்பக்கம் ஏறி வந்த டிப்பர் லாரி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த யோகப்பிரியாவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. குழந்தை இல்லை.

கந்தப்பன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். மகன் போன துக்கம் என்றது ஊர். அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மையா என்று அவரிடமே கேட்டால், அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருப்பார்.

மூன்று மாதம் கழித்து வாரிசுச் சான்றுக்கான விசாரணைக்கு வில்லேஜ் ஆபீசர் ஜோபி வீட்டுக்கு வந்தார். எழுதி முடித்த தாளைக் கந்தப்பனிடம் நீட்டினார். கந்தப்பன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"செரியாத்தான் இருக்குதுங்க" என்றார்.

"அப்போ ரெண்டு பேர்தான். உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்கிறேன்" என்றார் ஜோபி. தமிழைத் தேடித் தேடிப் பேசுபவர், அண்ணா என்பதற்கு ஏட்டா என்பார்.

"எந்த ரெண்டு பேருங்க?"

"மனைவி யோகப்பிரியா. அம்மா ராமாத்தாள். இப்போ வாசிச்சதல்லே?"

"நான்?"

ஜோபி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கந்தப்பேட்டா, இது உங்க இந்து வாரிசுச் சட்டம். மனைவியும் அம்மையும் முதல் வரிசை. அச்சன் அடுத்த வரிசை. முதல் வரிசையில் ஆள் இருந்தா அடுத்த வரிசையை எழுத மாட்டோம்."

"வளத்துனவன் பின்னால நிக்கோணுமாக்கும்?"

"சட்டம் எழுதின ஆளுக்கு உங்களைத் தெரியாதல்லோ."

ஜோபி தமாஷாகத்தான் சொன்னார். ராமாத்தாள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ. கந்தப்பனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவருக்குச் சொத்து வேண்டியிருக்கவில்லை. அவன் பெயரில் இருந்தது ஒரு பைக், அதுவும் நசுங்கிவிட்டது. மகன் செத்தான் என்று எழுதிய தாளில் அப்பன் என்று ஒருவன் இல்லை. அதுதான்.

பாலக்காட்டில் விபத்து நஷ்டஈட்டு வழக்கை எடுத்து நடத்த ஸ்ரீரஞ்சனி என்ற வக்கீல் கிடைத்தார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், பேசும்போது பேனாவை மூடித் திறந்துகொண்டே இருப்பார். கந்தப்பன் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"என்ற பேரு வருமுங்களா?"

"வரும் கந்தப்பேட்டா. வாரிசு லிஸ்ட் வேற, இந்தக் கோர்ட்டு லிஸ்ட் வேற. விபத்துல ஒருத்தர் போயிட்டா, அவரோட பிரதிநிதியா நிக்கறவா எல்லாரும் இங்க கேக்கலாம். பொண்டாட்டி, கொழந்தை, அம்மா, அப்பா. கூடவே இருந்து அவரை நம்பி வாழ்ந்த கூடப்பிறந்தவா கேட்டிருக்கா. மாப்பிள்ளையோட ஒரே வீட்டுல இருந்த மாமியார்கூடக் கேட்டுக் கெடச்சிருக்கு."

"மாமியாருக்கே உண்டுங்களா!" என்றாள் ராமாத்தாள்.

"உண்டு. ஆனா ஒண்ணு. அவன் இருந்ததாலே உங்களுக்கு என்ன இருந்தது, அவன் போனதாலே என்ன இல்லாமப் போச்சு, அதை நீங்க சொல்லணம். அதை வேற யாரும் சொல்ல முடியாது."

மனு தாக்கலானது. முதல் மனுதாரர் யோகப்பிரியா, இரண்டாவது ராமாத்தாள், மூன்றாவது கந்தப்பன்.

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்தவர் கோபிநாத். இனிமையான மனிதர். தோப்பைச் சுற்றிப் பார்த்தார், மரங்களைப் புகழ்ந்தார். கந்தப்பன் தன் கையாலேயே இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"இவ்வளவு தோப்பு இருக்கே, மகன் சம்பாதிச்சு வேண்டியிருக்காதே உங்களுக்கு?" என்று பாலக்காட்டு மலையாளத்தில் கேட்டார் கோபிநாத்.

யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது, கந்தப்பனைப் பொறுத்தவரை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"அவஞ் சம்பளத்துல ஒரு வேளை காப்பித்தண்ணி குடிச்சவனில்லைங்க நானு. இந்தக் கை உழைச்சுத்தான் மூணு பேருக்குச் சோறு போட்டுது."

கோபிநாத் எழுதிக்கொண்டார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மகனுக்காகக் கட்டிய புது அறையையும் அதன் சமையல் மேடையையும் பார்த்துவிட்டு, மேலும் ஏதோ எழுதினார். மூன்று பக்கம். கந்தப்பன் கையில் கொடுத்து, வாசித்துப் பார்க்கச் சொன்னார். கந்தப்பன் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டாம் பக்கத்திலிருந்து ஒருமுறை முதல் பக்கத்துக்குத் திரும்பியும் வந்தார். அந்த நுணுக்கம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் கழித்து அந்த மூன்று பக்கங்களின் நகல் ஸ்ரீரஞ்சனியின் மேசைக்கு வந்தது. மூவரையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னார்.

"மகன் கல்யாணம் ஆனதுமே தனிக் குடித்தனம் போயிட்டான். வேற சமையல். அவன்கிட்டேருந்து எனக்கோ என் மனைவிக்கோ எந்த உதவியும் கெடச்சதில்லை, நாங்க எதிர்பார்த்ததும் இல்லை. இப்படி எழுதியிருக்கு. கீழே உங்க ஒப்பு."

யோகப்பிரியா நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். புது அறையின் சமையல் மேடையில் அவள் ஒருநாளும் அடுப்பு வைத்ததில்லை, பால் கேன்கள்தான் கவிழ்ந்து கிடந்தன. அது அவருக்கும் தெரியும்.

"வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் ஒப்பு இட்டேளா?" என்றார் வக்கீல்.

"பாத்தேனுங்க" என்றார் கந்தப்பன்.

பேனா மூடித் திறந்தது. "வாசிச்சுட்டு இட்டிருந்தா நான் என்ன பண்றது? உங்க பேரை எடுத்துடறதுதான் புத்தி. அம்மாவோடதும் சிரமம், பார்க்கலாம். இல்லேன்னா ஒப்பு இட்டதுக்கு வேற ஏதாவது காரணம் இருக்கணம்."

வீட்டுக்கு வந்து, யோகப்பிரியா துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போன பிறகு ராமாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் காயிதத்தை எப்பப் படிச்சீங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"பதினெட்டு வருசமா மாட்டுக்கொட்டாய்ல அவன் வாசிக்கறான், இந்தப் பக்கம் அடுப்படியில நான் நிக்கறேன். எனக்குக் காது இல்லைங்களா?"

கந்தப்பன் மேசையைப் பார்த்தார். கோகுல் போன நாளிலிருந்து தபாலில் வந்த தாள்கள் எல்லாம் அதன் மேல் அடுக்காகக் கிடந்தன. கரண்டு பில், வாய்க்காலில் தண்ணீர் விடும் நோட்டீஸ், சங்கத்துக் கடிதம். அவை பறக்காமலிருக்க மேலே ஒரு கண்ணாடி டம்ளர் வைக்கப்பட்டிருந்தது.

"பேரை எடுத்தர்றேன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்றார்.

"எடுங்க. அப்பனாட்டம் நிக்கறதைவிடச் சங்கத்து மெம்பராட்டம் நிக்கறதே பெருசுன்னா எடுங்க" என்றாள் ராமாத்தாள். குரல் உயரவில்லை. அரிசி களையப் போய்விட்டாள்.

தென்னை எதையும் பிடித்துக்கொள்ளாமல் தனியாக நிற்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். அடியில் பாயும் தண்ணீர் நின்றுபோய் மூன்று மாதமான பிறகே அது எதைப் பிடித்து நின்றது என்று தெரியும். கந்தப்பன் இப்படியெல்லாம் யோசிப்பவர் அல்ல. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவர் தோப்பில் வேலை இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

பெயரை எடுக்கச் சொல்லி அவர் பாலக்காட்டுக்குப் போகவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விசாரணை நாள் வந்துவிட்டது.

அன்று நல்லமுத்துவும் சாட்சிக்கு வந்திருந்தார். அப்பாவும் மகனும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள் என்று சொல்ல வந்தவர். அதைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். சினேகிதரின் பெருமையைக் கோர்ட்டில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தபோது அவரால் விட முடியவில்லை. "எங்கூர்ல தெனமும் மலையாளப் பத்திரிகையை மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கறவரு இவரு ஒருத்தருதானுங்க" என்றார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைத் தன் தாளில் குறித்து, அடியில் கோடும் போட்டுக்கொண்டார். நல்லமுத்து நிறைந்த மனதோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அடுத்து கந்தப்பன் கூண்டில் ஏறினார். ஸ்ரீரஞ்சனி அவரைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை ஒன்றும் இல்லை.

கம்பெனி வக்கீல் அந்த மூன்று பக்கங்களைக் காட்டினார்.

"இந்த ஒப்பு உங்களோடதா?"

"ஆமாங்க."

"யாராவது நிர்ப்பந்தம் பண்ணி வாங்கினதா?"

"இல்லீங்க. எளனி வெட்டிக் குடுத்து நானாத்தான் போட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"வாசிச்சுப் பார்த்துட்டுத்தானே போட்டது?"

கந்தப்பன் பெஞ்சைப் பார்த்தார். நல்லமுத்து உற்சாகமாகத் தலையாட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி. நாளைக் காலை ஏழரை மணிக்குள் இங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் டீயோடு சேர்த்து ஊற்றப்படும். அவருக்குப் பக்கத்தில் ராமாத்தாள், மடியில் கையை வைத்துக்கொண்டு, எங்கும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாசிக்கலீங்க."

"ஏன்?"

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுங்க."

வக்கீல் புன்னகைத்தார். "சங்கத்துல பதினெட்டு வருஷம் மெம்பர். தினம் முதல் வரியிலேருந்து பத்திரிகை வாசிக்கிறவர்னு உங்க சாட்சிதானே இப்போ சொன்னது?"

"விரிச்சுப் புடிப்பேனுங்க. வாசிக்க மாட்டேன்." நல்லமுத்துவின் பக்கம் பார்க்காமல் சொன்னார். "காலையில நான் பால் கறக்கறப்ப என்ற பையன் வாசிச்சுச் சொல்லுவான். அதையக் கொண்டு போயிக் கடையில நானாப் படிச்சாப்பல சொல்லுவேன். சங்கத்துக் காயிதமும் அப்படித்தானுங்க. அவன் ஆறாவது படிக்கறப்ப இருந்து."

நல்லமுத்துவின் வாய் திறந்தபடி இருந்தது.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மகன் வருமானத்தில்தான் வாழ்ந்தீர்களா என்று அவரே மலையாளத்தில் கேட்டார். ஸ்ரீரஞ்சனியின் பேனா அசையாமல் நின்றது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"வருமானம் வாங்கலீங்கய்யா. அதைய இப்பவும் மாத்திச் சொல்ல மாட்டேன். அவங்கம்மாளுக்கு மாசாமாசம் கொடுப்பான், அது அவளுக்கு. நான் வாங்கலை." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா தனியா இருந்தான்னு எழுதுனது பொய்யிங்க. ஒரே அடுப்புங்க. கரண்டு பில்லு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் அவங் கண்ணுலதான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப ஊட்டுக்கு வர்ற காயிதமெல்லாம் மேசை மேலயே கெடக்குதுங்க. எது என்னன்னு தெரியலீங்க. இந்த மூணு பக்கத்தையும் அவன் இருந்திருந்தா வாசிச்சிருப்பான். நானும் ஒப்புப் போட்டிருக்க மாட்டேன்."

மகன் இருந்திருந்தால் அந்தத் தாளே வந்திருக்காது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பட்டது. திருத்திக்கொள்ளவில்லை. கம்பெனி வக்கீல் ஒரு நிமிடம் தாளைப் புரட்டிவிட்டு, வேறு கேள்வி இல்லை என்றார்.

வெளியே வராந்தாவில் ஸ்ரீரஞ்சனி, "இதை ஆபீஸ்லேயே சொல்லப்படாதா?" என்றார். அதட்டலாகத்தான் கேட்டார். அவர் பதிலுக்கு நிற்கவில்லை. அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நல்லமுத்து பஸ் ஏறும்போது, "ஏனுங்க, அந்தத் தேங்காய் வெலை படுத்துருச்சுன்னதெல்லாம்?" என்றார்.

"அது நெசந்தான். அதுக்கு வாசிக்கோணுமா?" என்றார் கந்தப்பன்.

நல்லமுத்து முன்சீட்டில் உட்கார்ந்து, வெகுதூரம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். கந்தப்பன் ஜன்னலோரம் இருந்தார். யோகப்பிரியா பின்சீட்டிலிருந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, நெசமாத்தானுங்களா? வாசிக்கத் தெரியாதுங்கறது?"

"ஆமா கண்ணு."

அவள் சொன்னாள்: "அவரு எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லுவாருங்க. ஸ்கூல்ல அடி வாங்குனது, கடையில சண்டை போட்டது, எல்லாம். இதைய மட்டும் எங்கிட்டக்கூடச் சொல்லலைங்க மாமா."

கந்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தூர் தாண்டும் வரை திரும்பவில்லை.

மறுநாள் காலை அவர் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் பத்திரிகை கிடந்தது. எடுக்கவில்லை. யாரும் எடுத்துத் தரவும் இல்லை. அன்று டீ வழக்கத்தைவிடச் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அது மரியாதையா, கேலியா என்று தெரியவில்லை.

தீர்ப்பு ஐந்து மாதம் கழித்து வந்தது. அதன் நகலை வக்கீல் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். கொண்டுவந்தவள் தபால்காரி ஜோமோள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

"ஜோமோளே, நில்லம்மிணி. இதைய வாசிச்சுச் சொல்லிப்போடு."

ஜோமோள் வண்டியை நிறுத்தினாள். ஒன்பது வருடமாக அந்த வீட்டுக்குத் தபால் கொண்டுவருகிறாள், இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்காமல் உறையைப் பிரித்தாள்.

"இங்கிலீஷ்ல இருக்கு கந்தப்பேட்டா. மூணு மனுதாரர். மனைவி யோகப்பிரியா. அம்மை ராமாத்தாள். மூணாவது கந்தப்பன், மரிச்ச ஆளோட அச்சன்."

"அப்பன்னு எழுதியிருக்குதா, நீயாச் சொல்றயா?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தா, ஃபாதர். இங்கயும் இருக்கு." பக்கத்தைத் திருப்பினாள். "வருமானத்துக்கு மகனை நம்பி இருந்ததா மூணாம் மனுதாரரே சொல்லலை, அதனால அந்த வகையில அவருக்கு இல்லை. மகனோட துணை போனதுக்கு உண்டு. அந்த வாக்குமூலம், அதான் நீங்க வாசிக்காம ஒப்பிட்டது, அதை ஏத்துக்கலைன்னு சொல்றாங்க. எவ்வளவுன்னு வாசிக்கட்டா?"

"அதைய ராமாத்தாகிட்டச் சொல்லு."

உள்ளே போனவர், மேசை மேலிருந்த அடுக்கை டம்ளரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஐயோ, எனக்கு இன்னும் பதினாலு வீடு பாக்கி இருக்கு!" என்றாள் ஜோமோள்.

"காப்பித்தண்ணி வெக்கச் சொல்றேன். ஒக்காரு."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டம்ளரை ஓரமாக வைத்து, அடுக்கை அப்படியே கவிழ்த்து, அடியிலிருந்த தாளை முதலில் எடுத்தாள்.

"இது பால் சங்கத்து மீட்டிங் நோட்டீஸ். கந்தப்பேட்டா, இந்த மீட்டிங் முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"செரி," என்றார் கந்தப்பன். "அடுத்ததை வாசி."